காப்பி ஆச்சு, ஃபைலைக் காணோம்: கேஷ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் கணினி சர்வீஸுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் ஸ்டூடியோ, மாங்காய் மண்டி, துணிக்கடை, ஆஃப்செட் பிரஸ். வரும் புகார்களில் ஒரு வகை மட்டும் வருடம் முழுக்க ஓயாது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், வேர் ஒன்றுதான். ஃபைல் டிஸ்க்கில் சேர்ந்துவிட்டது என்று நினைப்போம், அது இன்னும் ரேமிலேயே காத்திருக்கும். அல்லது ஃபைல் மாறி வெகுநேரம் ஆகியிருக்கும், நம் கண்ணுக்குத் தெரிவது பழைய நகல். அல்லது வேண்டாத ஃபைல் ரேமை அடைத்துக்கொண்டு, வேண்டியதை வெளியே தள்ளியிருக்கும். இப்படி ஃபைலின் நகல் நடுவில் தங்கும் இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர்.

கேஷ் கோளாறு என்றதும் மொத்தத்தையும் துடைத்துக் காலி செய்கிறவர்கள் நிறைய. அப்படிச் செய்யாதீர்கள். சிக்கல் எப்போதும் ஒரு ஃபைல், ஒரு ஃபோல்டர், ஒரு டிரைவ் அளவில்தான் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், செலவு வைக்கிற வேலை கடைசியில். கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி 1: காப்பி முடிந்தது என்று காட்டியது, வேறு கணினியில் செருகினால் படம் பாதிதான் இருக்கிறது

தை மாத முகூர்த்தம் முடிந்த வாரத்தில் ஒரு ஸ்டூடியோ தம்பி ஓடிவந்தார். கல்யாண ஆல்பத்துக்கான படங்களை பென் டிரைவில் ஏற்றி ஓசூரில் ஒரு லேபுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே திறந்தால் கடைசி அறுபது எழுபது படங்களில் மேல்பாதி மணமக்கள், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். "காப்பி ஆயிடுச்சுன்னுதாண்ணா காட்டுச்சு, அதை நம்பித்தான் எடுத்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. கணினி அப்படித்தான் காட்டும். மூலப்படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் தப்பினோம்.

### எஜெக்ட் கொடுக்காமல் எடுத்தீர்களா?

பத்துக்கு ஏழு தடவை இதுதான். காப்பிப் பெட்டியின் கோடு கடைசிவரை போனால், ஃபைலை ரேம் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அங்கிருந்து பென் டிரைவுக்குப் போவது தனி வேலை. எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை கை வைக்காதீர்கள். லினக்ஸில் 'சிங்க்' என்று தட்டி எண்டர் கொடுங்கள். எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடியும்வரை கர்சர் அப்படியே நிற்கும், அடுத்த வரி வந்தால்தான் முடிந்தது.

### எஜெக்ட் கொடுத்தால் நிமிடக்கணக்கில் சுற்றுகிறதா? (லினக்ஸ்)

லினக்ஸ் வழக்கமாக, காலியாகக் கிடைக்கும் ரேமில் 20 சதவீதம் வரை எழுதப்படாத தரவைத் தேக்கிக்கொள்ளும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிபி. சாதாரண பென் டிரைவ் நொடிக்கு 10 எம்பி எழுதினால் 3 ஜிபிக்கு 300 நொடி, அதாவது ஐந்து நிமிடம். பெட்டி மறைந்த பிறகும் ஐந்து நிமிடம் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? 'ப்ராக்' ஃபோல்டருக்குள் 'மெம்இன்ஃபோ' என்ற ஃபைல் இருக்கிறது. அதில் 'டர்ட்டி' (எழுதக் காத்திருப்பது), 'ரைட்பேக்' (இப்போது எழுதிக்கொண்டிருப்பது) என்று இரண்டு வரிகள். காப்பி முடிந்தவுடன் திறந்தால் டர்ட்டியில் இருபது லட்சம் கேபிக்கு மேல் நிற்கும். சில நொடி விட்டுத் திரும்பத் திறந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். இதை ஒரு தடவை பார்த்தவர் அப்புறம் பென் டிரைவை அவசரப்பட்டுப் பிடுங்குவதே இல்லை. அந்த ஸ்டூடியோவில் இதைத்தான் முதலில் காட்டினேன்.

தேக்கத்தைக் குறைக்க 'விஎம் டர்ட்டி பைட்ஸ்' அமைப்பை 268435456 என்றும் (256 எம்பி), 'விஎம் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' அமைப்பை 67108864 என்றும் (64 எம்பி) 'சிஸ்சிடிஎல்' கட்டளை வழியாக வையுங்கள். ஐந்து நிமிடக் காத்திருப்பு அரை நிமிடமாகும், காப்பிக் கோடும் உண்மை வேகத்துக்குப் பக்கத்தில் நகரும். இது கணினி முழுவதற்கும் பொருந்தும். ஒரு பென் டிரைவுக்கு மட்டும் போதும் என்றால், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மவுண்ட் செய்யும்போது (கணினியோடு இணைக்கும்போது) 'ஃப்ளஷ்' என்ற விருப்பத்தைச் சேருங்கள். 'சிங்க்' விருப்பமும் இருக்கிறது, ஆனால் பென் டிரைவுக்கு நான் போடுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் உடனுக்குடன் எழுதவைத்து வேகத்தைக் கொன்றுவிடும், டிரைவும் சீக்கிரம் தேயும்.

### விண்டோஸ் என்றால்

டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ் போய் 'பாலிசீஸ்' பக்கத்தைத் திறங்கள். 'குயிக் ரிமூவல்', 'பெட்டர் பெர்ஃபாமன்ஸ்' என்று இரண்டு இருக்கும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து (2018) குயிக் ரிமூவல்தான் வழக்கமான நிலை. இரண்டாவது தேர்வாகியிருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், திருப்பி வையுங்கள். இது ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி அமைப்பு. ஆகவே ஆல்பம் அனுப்பும் பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டும்.

### முறையாக எஜெக்ட் செய்தும் ஃபைல் கெடுகிறதா?

இப்போது சந்தேகம் பென் டிரைவ் மீது. 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்த போலிகள் சந்தையில் உண்டு. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' என்ற இலவசக் கருவிகள் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த டிரைவை வேலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: கேமரா கார்டைத் துடைத்துவிட்டீர்கள், படம் இருப்பது இந்தப் பாதி டிரைவில் மட்டும்தான் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். 'செக்டிஸ்க்' ஓட்ட வேண்டாம், வேறு ஃபைல் ஏற்ற வேண்டாம். கார்டு, டிரைவ் இரண்டையும் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். கார்டில் மேலெழுதாமல் இருந்தால் மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

## அறிகுறி 2: காலையில் முதல் பத்து பில் ஊர்கிறது, பதினொரு மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது

பர்கூரில் ஒரு துணிக்கடை. லினக்ஸ் சர்வர், 8 ஜிபி ரேம், பில்லிங் தரவு 700 எம்பி. பகலெல்லாம் பறக்கும். காலையில் கடை திறந்தால் ஒரு சேலைக்குப் பில் போட அரை நிமிடம். சர்வர் பழசு, மாற்றிவிடலாம் என்று முடிவே செய்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி என்ன ஓடுகிறது? சிசிடிவி பதிவு 40 ஜிபி, வெளி டிஸ்க்குக்கு பேக்கப். ஒருவரும் திரும்பிப் பார்க்காத அந்த 40 ஜிபி ரேம் வழியாகப் போகும்போது, பில்லிங் தரவை வெளியே தள்ளிவிட்டது. காலையில் ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்கிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

### யாராவது கேஷைத் துடைக்கும் கட்டளை வைத்திருக்கிறார்களா?

முதலில் கிரான் பட்டியலைப் பாருங்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளைகள் அதில்தான் இருக்கும். 'டிராப் கேச்சஸ்' என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ரேம் காலியாகத் தெரிய வேண்டும் என்று மணிக்கொரு தடவை ஓடும்படி யாரோ போட்டிருப்பார்கள். அந்த அமைப்பில் 1 என்று எழுதினால் ஃபைல் உள்ளடக்கம், 2 என்றால் பெயர், அடைவு விவரங்கள், 3 என்றால் இரண்டும் ரேமிலிருந்து போகும். தரவு அழியாது, ஆனால் வேகம் போய்விடும். சோதனைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டியது அது.

விண்டோஸில் 'ரேம் பூஸ்டர்', 'ரேம் கிளீனர்' வகைச் செயலிகளை நீக்குங்கள்.

### எந்த ஃபோல்டர் ரேமில் இருக்கிறது என்று பாருங்கள்

இதற்கு என் கையில் எப்போதும் இருக்கும் கருவி 'விஎம்டச்'. உபுண்டு, டெபியன் இரண்டிலும் நிறுவலாம். 'விஎம்டச்' என்று தட்டி ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால், அதில் எவ்வளவு ரேமில் இருக்கிறது என்று சதவீதத்தில் சொல்லும். '-வி' சேர்த்தால் ஃபைல் வாரியாக, எந்தப் பகுதி ரேமில், எந்தப் பகுதி டிஸ்க்கில் என்று சிறு கோடாகவே வரைந்து காட்டும். அந்தக் கடையில் ராத்திரி பேக்கப்புக்கு முன்னால் பில்லிங் ஃபோல்டர் 96 சதவீதம் ரேமில் இருந்தது. காலை எட்டரைக்கு 7 சதவீதம். கடைக்காரரிடம் அந்த இரண்டு எண்களைக் காட்டியதும், புது சர்வர் பேச்சு அன்றோடு நின்றது.

விண்டோஸில் 'ரேம்மேப்' இலவசம், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வருவது. நிர்வாகி உரிமையோடு திறந்து 'ஃபைல் சம்மரி' பக்கத்தில் அளவுப்படி வரிசைப்படுத்தினால், ரேமை அடைத்திருக்கும் ஃபைல் எது என்று பெயரோடு மேலே நிற்கும்.

### பேக்கப்பை ரேமில் தங்காமல் போகவையுங்கள்

லினக்ஸில் பேக்கப் கட்டளைக்கு முன்னால் 'நோகேஷ்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். அதே பெயரில் சிறு கருவி, நிறுவிக்கொள்ள வேண்டும். 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கட்டளை 'நோகேஷ் ஆர்சிங்க்...' என்று ஓடினால், படித்த ஃபைலை வேலை முடிந்ததும் ரேமிலிருந்து விட்டுவிடச் சொல்லும். 'டிடி' என்ற நகல் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் படிக்கும் பக்கமும் எழுதும் பக்கமும் 'நோகேஷ்' கொடியைப் போடலாம். ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டதா? 'சிங்க்' கொடுத்துவிட்டு 'விஎம்டச் -ஈ' என்று சிசிடிவி ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். அந்த ஃபோல்டர் மட்டும் ரேமை விட்டுப் போகும், மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விண்டோஸில் 'ரோபோகாப்பி' கட்டளையில் '/ஜே' சேருங்கள். பெரிய வீடியோ ஃபைல்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களுக்கு வேண்டாம், மந்தமாகும்.

### வேண்டிய ஃபோல்டரை முன்கூட்டியே ஏற்றுங்கள்

'விஎம்டச் -டி' ஃபோல்டர் முழுவதையும் படித்து ரேமில் ஏற்றும். பர்கூர் கடையில் காலை 8.30-க்கு இதை கிரானில் வைத்தேன், ஒன்பதுக்குக் கடை திறக்கிறது. '-எல்' என்றால் ஏற்றிப் பூட்டியே வைக்கும், வேறெதுவும் தள்ள முடியாது. பூட்டுவதை யோசித்துச் செய்யுங்கள். 8 ஜிபியில் 700 எம்பி பூட்டலாம், 5 ஜிபி பூட்டினால் மற்ற வேலை மூச்சுத்திணறும்.

### இவ்வளவும் செய்து பலனில்லையா?

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குங்கள். அதற்கடுத்ததுதான் கூடுதல் ரேம். பில்லிங் தரவு கிடைக்கும் ரேமைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது, அல்லது சர்வரில் நிறைய சேவைகள் ஒன்றாக ஓடுகின்றன என்றால், சர்வர் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சேவைக்கும் நினைவக வரம்பு வைக்கச் சொல்லுங்கள். பேக்கப்பை ஒரு சிகுரூப்புக்குள் (லினக்ஸில் வரம்பு கட்டி வேலையை ஓட்டும் கூண்டு) ஓட்டி '500 எம்பிக்கு மேல் உனக்கில்லை' என்று கட்டலாம், அது பிடிக்கும் கேஷும் அந்தக் கணக்கிலேயே சேரும்.

## அறிகுறி 3: ரேம் நிறைந்தே இருக்கிறது, வேறு தொல்லை இல்லை

கோளாறு இல்லை. லினக்ஸில் 'ஃப்ரீ -எச்' கொடுத்து 'அவைலபிள்' என்ற பத்தியைப் பாருங்கள், 'ஃப்ரீ' என்ற பத்தியை விட்டுவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபாமன்ஸ், மெமரி. 'கேஷ்டு' என்று காட்டுவதில் பெரும்பகுதி கேட்டவுடன் கிடைத்துவிடும். அவைலபிள் போதுமான அளவு இருந்தால் கணினியை அதன் போக்கில் விடுங்கள்.

## அறிகுறி 4: ஒரு கணினியில் சேமித்தது பக்கத்துக் கணினியில் தெரியவில்லை

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்து மண்டிகளில் அதிகம் வருவது இது. எடை மேடையில் உட்கார்ந்திருப்பவர் எடைச் சீட்டை நெட்வொர்க் ஃபோல்டரில் சேமிக்கிறார். உள்ளே கணக்குப் பார்ப்பவர் கணினியில் அது வரவில்லை. வண்டிக்காரர் வெயிலில் நிற்கிறார். பெங்களூரா மாங்காய் லோடு ஒன்றுக்கு ஒரே சீட்டை இரண்டு தடவை ஏற்றிவிட்டு, சாயங்காலம் கணக்கு இடித்த நாளும் உண்டு. அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

### பத்து நொடி பொறுத்தால் வருகிறதா?

வந்தால் காரணம் தெளிவு. விண்டோஸ் கணினி, நெட்வொர்க் ஃபோல்டரின் பட்டியலைப் பத்து நொடி வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஃபைல் விவரமும் பத்து நொடி. 'அந்தப் பெயரில் ஃபைல் இல்லை' என்ற பதிலையும் ஐந்து நொடி வைத்திருக்கும். இந்த மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது. சீட்டு வருவதற்கு முன்பே சாஃப்ட்வேர் ஒரு தடவை தேடிவிட்டால், சீட்டு வந்த பிறகும் சில நொடி 'இல்லை' என்றே சொல்லும்.

பவர்ஷெல்லை (விண்டோஸின் கட்டளைச் சாளரம்) நிர்வாகியாகத் திறந்து, எஸ்எம்பி கிளையண்ட் (நெட்வொர்க் ஃபோல்டரைத் திறக்கும் பகுதி) அமைப்பில் 'டைரக்டரி கேஷ் லைஃப்டைம்', 'ஃபைல் இன்ஃபோ கேஷ் லைஃப்டைம்', 'ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் லைஃப்டைம்' மூன்றையும் 0 ஆக்குங்கள். பெயர்களை இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுத வேண்டும். உள்ளே படிக்கிற கணினியில் செய்தால் போதும். இது அந்தக் கணினி திறக்கும் எல்லா நெட்வொர்க் ஃபோல்டருக்கும் பொருந்தும். ஆகவே பல்லாயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டர்கள் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும். மண்டியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஸ்டூடியோவில் யோசிக்க வேண்டும்.

### எவ்வளவு நேரமானாலும் பழையதே தெரிகிறதா?

'ஆஃப்லைன் ஃபைல்ஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் ஃபோல்டரின் நகலைக் கணினி தன் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். நல்லவேளையாக இதை ஃபோல்டர் வாரியாக நிறுத்தலாம். ஃபோல்டரைப் பகிர்ந்திருக்கும் கணினியில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' போய் 'கேஷிங்' பொத்தானை அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும். அந்த ஃபோல்டரில் எதுவும் ஆஃப்லைனில் கிடைக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடைச் சீட்டு, பில் எண், இருப்புக் கணக்கு உள்ள எந்த ஃபோல்டருக்கும் நான் முதல் நாளே இதைச் செய்துவிடுகிறேன்.

### லினக்ஸ் என்எஃப்எஸ் என்றால்

என்எஃப்எஸ் என்பது லினக்ஸில் நெட்வொர்க் வழியே ஃபோல்டரைப் பகிரும் முறை. அதில் ஃபோல்டர் விவரம் வழக்கமாக 30 நொடியிலிருந்து 60 நொடி வரை தங்கும். மவுண்ட் விருப்பத்தில் 'ஏசிடைமியோ=3' வைத்தால் மூன்று நொடியில் புதுப்பிக்கும். 'நோஏசி' முழுவதும் நிறுத்தும், ஆனால் நெட்வொர்க் வேலை கூடும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: ஒரே தரவு ஃபைலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்கும் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் 'இன்டெக்ஸ் கெட்டுவிட்டது' என்று வந்தால் கேஷ் அமைப்பை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் வெளியே வரச்சொல்லி, ஃபோல்டரை நகலெடுத்து, சாஃப்ட்வேர் செய்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: படத்தை மாற்றியும் ஃபோல்டரில் பழைய சிறுபடமே தெரிகிறது

திறந்தால் புதுப்படம் வருகிறதென்றால் ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்' போய் 'தம்ப்நெயில்ஸ்' மட்டும் டிக் செய்து துடையுங்கள். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'கேஷ்' ஃபோல்டருக்குள் 'தம்ப்நெயில்ஸ்' என்பதை அழியுங்கள், தானாகத் திரும்ப உருவாகும். திறந்தாலும் பழையதே வந்தால் சேமித்தது வேறு இடத்தில், தேடிப் பாருங்கள்.

## அறிகுறி 6: கரண்ட் போய் வந்த பிறகு ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை

கோடை மழை, இடி, கரண்ட் கட். மறுபடி ஆன் செய்தால் ஃபைல் அளவு 48 கேபி என்று சரியாகவே காட்டும். நோட்பேடில் திறந்தால் வெறும் வெற்றிடம். பெயரும் அளவும் டிஸ்க்கில் பதிந்துவிட்டன, உள்ளடக்கம் ரேமிலேயே போய்விட்டது.

### ஆபத்தான டிக் ஒன்று

டிவைஸ் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க்கின் 'பாலிசீஸ்' பக்கத்தில் இரண்டாவது பெட்டி, 'டர்ன் ஆஃப் விண்டோஸ் ரைட்-கேஷ் பஃபர் ஃப்ளஷிங்'. இது டிக் ஆகியிருந்தால் உடனே எடுங்கள். வேகம் கூடும் என்று யாராவது சொல்லிப் போட்டிருப்பார்கள். 'இதைக் கட்டாயம் டிஸ்க்கில் பதி' என்று சாஃப்ட்வேர் கேட்டாலும் விண்டோஸ் அதை டிஸ்க்கிடம் வற்புறுத்தாமல் விட்டுவிடும். நம் ஊர்க் கரண்ட்டில் இது வைக்கவே கூடாத டிக்.

### முக்கியமான ஃபோல்டரை மட்டும் உடனே எழுதவையுங்கள்

லினக்ஸில் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் 'சிஹெச்ஆட்டர் +எஸ்' என்று பெரிய எஸ் போட்டு ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால், அதற்குள் இனி உருவாகும் ஃபைல்கள் காத்திருக்காமல் நேரே டிஸ்க்குக்குப் போகும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கும் சேர்க்க '-ஆர்' போடுங்கள், அதுவும் பெரிய எழுத்து. 'எல்எஸ்ஆட்டர்' கொடுத்தால் எதில் எஸ் விழுந்திருக்கிறது என்று தெரியும். சீட்டு, ரசீது போன்ற சின்ன ஃபைல்களுக்குச் செய்யுங்கள். வீடியோ ஃபோல்டருக்குச் செய்தால் கையைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

### யூபிஎஸ்

பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், விளக்கு மட்டும் பச்சையாக எரியும். ஃபைல் எல்லாவற்றையும் மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்காவிட்டால் பேட்டரி மாற்றுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் சர்வர் வைத்திருக்கிறவர்கள், மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டி வாங்கலாம். விலை கூடுதல்தான், மண்டி சர்வருக்குத் தகும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: பில்லிங் தரவு திறக்கவே இல்லை என்றால் 'ரிப்பேர்' பொத்தானைத் தொடாதீர்கள். முதலில் கெட்ட ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, எஜெக்ட் கொடுத்து எடுத்துவையுங்கள். ரிப்பேர் தவறிப்போனால் கையில் மிஞ்சுவது அந்த நகல்தான். நகலெடுக்கும்போதே டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் கணினியை அணைத்துவிட்டு டிஸ்க் மீட்பவரிடம் போங்கள். சத்தமில்லாமல் நகல் முடிந்தால் சாஃப்ட்வேர்காரருக்குப் போன் செய்யுங்கள். கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, கடைசியாகப் போட்ட சீட்டு எண் என்ன என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பேசினால், விட்டுப்போன சீட்டுகளை அடிக்கட்டையிலிருந்து ஏற்ற அவருக்கு வசதியாக இருக்கும்.